ஒன்பதாம் வகுப்பிலேயே ஆவணக் கோப்பைத் தொடங்குங்கள்: அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆட நினைக்கும் நம் கரைப் பிள்ளைகளுக்கு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. என் மாணவி ஒருத்தி மும்முறைத் தாண்டுதலில் நல்ல தூரம் தாண்டி, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் உதவித்தொகையோடு சேர்ந்தாள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், அம்மா கருவாடு விற்கிறவர். அவள் போனதிலிருந்து பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, பெரியபட்டினம் என்று பல ஊர்களிலிருந்து பெற்றோர்கள் கேட்டு வருகிறார்கள். “டீச்சர், அந்தத் தகுதிச் சான்றுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எப்படி வாங்குறது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்தபிறகுதான் வருகிறார்கள். பதக்கங்களையும் செய்தித்தாள் துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் பரப்புகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் எங்கே என்று கேட்டால் அது மட்டும் இருக்காது. இந்தச் சான்றுக்கு அந்தப் பதக்கப் பையைவிட அந்த ஒரு தாள் முக்கியம். அதனால்தான் இந்தக் கட்டுரையை எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

சான்று எதற்கு

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. தலைமையகம் இந்தியானாபொலிஸ் நகரில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உறுப்பு. அவற்றை டிவிஷன் 1, டிவிஷன் 2, டிவிஷன் 3 என்று பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டிலும் முதன்முறையாகச் சேர்ந்து ஆட வருகிற மாணவர், என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்திடம் சான்று பெறவேண்டும். டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுப்பதில்லை. ஆனால் வெளிநாட்டு மாணவர் என்றால் அங்கேயும் அமெச்சூர் நிலைக்கு, அதாவது தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல என்பதற்கு மட்டும் சான்று கேட்பார்கள்.

மையம் பார்ப்பது இரண்டு விஷயங்கள். பள்ளியில் வேண்டிய பாடங்களை, வேண்டிய மதிப்பெண்ணோடு, வேண்டிய காலத்துக்குள் படித்தாயா? இதுவரை தொழில்முறை ஆட்டக்காரராக இல்லாமல் இருந்தாயா? இவ்வளவுதான். எவ்வளவு தூரம் தாண்டுகிறாய், எத்தனை நொடியில் ஓடுகிறாய் என்று அது கேட்காது. அதைக் கேட்பவர் கல்லூரியின் கோச். கல்லூரியில் இடம் கொடுப்பது அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகம், விசா கொடுப்பது சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். இந்த நான்கும் வேறு வேறு வாசல்கள். ஒன்றில் நுழைந்துவிட்டால் மற்றது தானாகத் திறக்காது. “சான்று வாங்கிக் கொடுத்தால் சீட்டும் ஸ்காலர்ஷிப்பும் வந்துவிடும்” என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நம் விளையாட்டு அங்கே இருக்கிறதா

கபடி, கிரிக்கெட், சிலம்பம், பாட்மின்டன் ஆகியவை என்.சி.ஏ.ஏ. போட்டிகளில் இல்லை. கபடியில் மாநில அளவில் ஆடிய பையன்கள் கேட்டு வரும்போது இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் நாளே சொல்லிவிடுவதுதான் அவர்களுக்கு நல்லது.

தடகளம், நீச்சல், டென்னிஸ், கால்பந்து, கூடைப்பந்து, கோல்ஃப், துப்பாக்கி சுடுதல், வாள்வீச்சு எல்லாம் இருக்கின்றன. நம் கரையில் ஊருக்கு ஊர் வாலிபால் உண்டு. அங்கே பெண்கள் வாலிபால் மிகப் பெரிய விளையாட்டு, ஆண்கள் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. பெண்களுக்குக் கடற்கரை வாலிபாலும் 2016 முதல் சாம்பியன்ஷிப்போடு நடக்கிறது. மணலில் ஆடிப் பழகிய நம் பெண்பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் துடுப்புப் படகும் உண்டு. பாய்மரப் படகோட்டம் என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே தனி அமைப்பாக நடக்கிறது, அதற்கு இந்தச் சான்று பொருந்தாது.

நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீந்துவதுதான் நமக்குப் பெரிய சாதனை. பெருமைதான். ஆனால் அங்கே கோச் கேட்பது குளத்தில் எடுத்த நேரம். கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 25 கெஜக் குளத்தில் நடக்கின்றன. கடலில் பழகிய பிள்ளைக்குக் குளத்தில் அளந்த நேரம் ஒன்றாவது அதிகாரபூர்வமாகக் கையில் இருக்கவேண்டும்.

நடக்கக்கூடிய காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இரண்டு பெயர்கள் சொல்வேன். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 இரண்டு ஆண்டும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் டென்னிஸ் பட்டம் வென்றார். தேஜஸ்வின் சங்கர், கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018, 2022-இல் உயரம் தாண்டுதலில் பட்டம் வென்றார்.

எந்த குரூப் எடுப்பது: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

டிவிஷன் 1-க்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை 16 அடிப்படைப் பாட அலகுகள் வேண்டும். ஒரு பாடத்தை ஓர் ஆண்டு முழுக்கப் படித்தால் ஓர் அலகு. அந்த 16 எப்படி அமையவேண்டும் என்றால்: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மேலே சொன்னவற்றிலிருந்தோ பிறமொழி, தத்துவம் போன்றவற்றிலிருந்தோ இன்னும் 4. டிவிஷன் 2-க்கும் மொத்தம் 16தான். ஆனால் ஆங்கிலம் 3, கணிதம் 2 போதும், ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலிருந்து கூடுதலாக 3 வேண்டும், மற்றது அதேதான்.

இப்போது நம் பாடத்திட்டத்தை இதில் பொருத்திப் பார்ப்போம். ஒன்பது, பத்து இரண்டிலும் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். தமிழைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டாலும் எட்டு அலகு வந்துவிட்டது. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் கணிதத்தோடு கூடிய அறிவியல் குரூப் எடுத்தால் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல் என்று இன்னும் எட்டு. பதினாறு சரியாக முடிந்தது. உயிரியலோ கணினி அறிவியலோ அதற்கு மேல் உபரி.

நம் பக்கத்தில் நிறையப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், “கணக்கு வேண்டாம் டீச்சர்” என்று தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்புக்கோ வணிகவியலுக்கோ போகிறார்கள். விளையாடுகிற பிள்ளை என்றால் பள்ளியே “எளிதான குரூப் எடு, பயிற்சிக்கு நேரம் கிடைக்கும்” என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. அப்படிப் போனால் கணிதம் ஒன்பது, பத்து இரண்டோடு நின்றுபோகிறது. டிவிஷன் 1 கேட்பது மூன்று. அந்த ஒரே ஒரு அலகுக்காக நான்கு வருட உழைப்பு சிக்கலில் மாட்டும். தாவரவியல், விலங்கியல் குரூப் என்றால், டிவிஷன் 2-க்குக் கணிதம் இரண்டு போதும் என்பதால் அந்த வழி திறந்தே இருக்கும். வணிகவியல் என்றால் ஆங்கிலம், கணிதம், அறிவியலில் வேண்டிய கூடுதல் 3 அலகும் எட்டாமல் போகலாம். தொழிற்கல்விப் பிரிவு எடுத்தால் நிலைமை இன்னும் கடினம், ஏனென்றால் செய்முறைத் தொழில் பாடங்கள் அடிப்படைப் பாடங்களில் சேராது. கணக்குப்பதிவியலும் அப்படித்தான். பொருளியல், வரலாறு சமூக அறிவியலில் வரும்.

அதனால் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அமெரிக்கக் கனவு இருக்கிற பிள்ளை கணிதம் உள்ள குரூப்பில்தான் சேரவேண்டும். மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை. பத்தாம் வகுப்பு முடிவு வந்து, ஹெச்.எம். அறை வாசலில் வரிசையில் நிற்கிற அந்த ஒரு காலைப் பொழுதில் இது முடிவாகிவிடுகிறது. அன்று அப்பாவோ அம்மாவோ கூட இருங்கள்.

மதிப்பெண் எவ்வளவு வேண்டும்? அடிப்படைப் பாடங்களை மட்டும் எடுத்து, நான்குக்கு இவ்வளவு என்று சராசரி போடுவார்கள். ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2, டி என்றால் 1. டிவிஷன் 1-க்கு 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. நம் மதிப்பெண்களை அந்த எழுத்துகளாக மாற்ற நாடுவாரியாக மையம் ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. வெளிநாட்டுக் கல்வித்தரம் பற்றிய அவர்களுடைய கையேட்டில் இந்தியாவுக்கென்று தனிப் பக்கம் இருக்கும். அந்தந்த ஆண்டின் கையேட்டை இறக்கிப் பாருங்கள், பழையதை நம்பவேண்டாம். நடுத்தரமாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்தச் சராசரி எட்டாத உயரம் இல்லை. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வு மதிப்பெண் இந்தச் சான்றுக்கு வேண்டாம் என்று 2023 ஜனவரியில் விதியை மாற்றிவிட்டார்கள். கல்லூரி தன் சேர்க்கைக்காகத் தனியாகக் கேட்கலாம். ஆங்கிலத் தேர்வும் அப்படித்தான், அது கல்லூரியின் கேள்வி.

காலக்கணக்கு இன்னொன்று. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் என்று டிவிஷன் 1 எண்ணத் தொடங்கிவிடும். நம் ஊர்களில் பத்து முடித்துவிட்டு ஒரு வருடம் கடலுக்குப் போய்விட்டுத் திரும்பப் பள்ளிக்கு வருகிற பையன்கள் இருக்கிறார்கள். குடும்பச் சூழ்நிலை, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வருடமும் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைத் தெரிந்து முடிவெடுக்கவேண்டும். டிவிஷன் 2 இதில் இளக்கமானது. கல்லூரியில் முழுநேரமாகச் சேரும்வரை படித்து முடித்த அடிப்படைப் பாடங்களை எடுத்துக்கொள்ளும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போய்த் துணைத்தேர்வில் தேறியவர்கள் இரண்டு மதிப்பெண் பட்டியலையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒன்றை மறைத்து ஒன்றை மட்டும் அனுப்பவேண்டாம்.

தாள்கள்

பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்களை அரசுத் தேர்வுகள் இயக்ககம் கொடுக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி வருவதால் மொழிபெயர்ப்புச் சிக்கல் இல்லை. சிக்கல் பொதுத்தேர்வு இல்லாத வகுப்புகளில்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி கொடுத்த தரநிலை அட்டைதான் உண்டு. அதையும் கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாத ஆண்டில் படித்தவர்களுக்கு அதுவும் அப்படியே.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த ஏப்ரலிலேயே ஹெச்.எம்.மிடம் போய், பள்ளி லெட்டர்பேடில், ஆங்கிலத்தில், பாடவாரியாக ஆண்டு மதிப்பெண், மொத்த மதிப்பெண்ணில் எவ்வளவு, கல்வியாண்டு, பிறந்த தேதி எல்லாம் போட்டு, கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வைத்து ஒரு பட்டியல் வாங்கிவிடுங்கள். இரண்டு பிரதி கேளுங்கள். நான்கு வருடம் கழித்துப் போனால் அந்த ஹெச்.எம். மாறியிருப்பார், பதிவேடு அலமாரி அடியில் இருக்கும், மழையில் நனைந்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை. தமிழில் மட்டும் இருக்கிற தாள் எதுவானாலும், வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பு சான்றொப்பத்தோடு வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பிள்ளை ஒன்பதாம் வகுப்பை துபாயிலோ சவூதியிலோ சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்துவிட்டு, பத்தாம் வகுப்புக்கு ஊருக்கு வந்திருக்கலாம். படித்த ஒவ்வொரு பள்ளியின் தாளும் தனித்தனியாக வேண்டும். அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்தபிறகு அங்கே வேலை செய்கிற சித்தப்பாவை அலையவிடுவது அவருக்கும் கஷ்டம்.

அடுத்து, பெயர். பள்ளியில் ஆ. மரிய செல்வி, ஆதாரில் மரியசெல்வி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் சேர்ந்து வேறொன்று. நமக்கு மூன்றும் ஒரே பெண்தான். ஆனால் கோப்பைத் திறந்து பார்க்கிற அமெரிக்க அலுவலருக்கு மூன்று ஆட்கள். முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட் எடுங்கள். நம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் இருக்கிற பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் எஃப்.என்.யூ. என்று அச்சிடுவார்கள். அது கல்லூரிப் பதிவு, வங்கி எல்லா இடத்திலும் தொடர்ந்து வரும். தகுதி மையக் கணக்கை பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே, எழுத்துக்கு எழுத்து அப்படியே தொடங்கவேண்டும்.

பிறந்த தேதியும் அப்படித்தான். முதல் வகுப்பில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று தேதியை மாற்றி எழுதிய வழக்கம் நம் கரையில் இருந்தது, இப்போதும் அங்கங்கே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, டிசியில் வேறு தேதி. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே அதைத் திருத்திவிடவேண்டும். பட்டியலில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவார்கள், அப்போது நிதானமாகப் படித்துப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் அச்சானபிறகு மாற்றுவது மிகவும் பாடு.

அமெச்சூர் நிலை: ஊர்த் திருவிழா ஆட்டமும் இதில் வரும்

தகுதி மைய இணையதளக் கணக்கில் ஒரு நீளமான கேள்விப் பட்டியல் வரும். எந்தெந்த அணிகளுக்கு, எந்த ஆண்டில் ஆடினாய்? யார் செலவு செய்தார்கள்? பரிசுப் பணம் வாங்கினாயா? ஒப்பந்தம் எதிலாவது கையெழுத்துப் போட்டாயா? ஏஜென்ட் இருக்கிறாரா?

நம் பக்கத்தில் கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, ஊர் இளைஞர் மன்ற ஆண்டுவிழா எல்லாவற்றிலும் வாலிபால் போட்டி நடக்கும். சுழற்கோப்பையோடு ரொக்கப் பரிசும் இருக்கும். நல்ல ஆட்டக்காரனை வெளியூர் அணி காசு கொடுத்துக் கூப்பிட்டு ஆடவைப்பதும் உண்டு. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்குவதுதான் ஆபத்து. போட்டிக்குப் போய்வந்த பயணம், சாப்பாடு, தங்குமிடம் என்று உண்மையான செலவுக்குள் அடங்குகிற பரிசை விதி நீண்டகாலமாகவே பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் போனால்தான் கேள்வி. முதலமைச்சர் கோப்பையில் கிடைக்கிற ரொக்கப் பரிசையும் மறைக்காமல் எழுதவேண்டும். இந்தப் பகுதி விதிகள் அமெரிக்காவில் நீதிமன்ற வழக்குகளால் இப்போது வேகமாக மாறிவருகின்றன. விதி எப்படி மாறினாலும் உங்களிடம் கணக்கு இருக்கவேண்டும்.

அதற்கு ஒரு நோட்டு போதும். போட்டியின் பெயர், தேதி, இடம், எந்த அணி, பரிசு எவ்வளவு, அதில் கைக்கு வந்தது எவ்வளவு, பஸ், ரயில், சாப்பாடு, ஷூ செலவு எவ்வளவு. டிக்கெட்டையும் ரசீதையும் அதே நோட்டில் ஒட்டிவிடுங்கள். என் பிள்ளைகளிடம் மாதம் ஒருமுறை இந்த நோட்டைக் கேட்டுப் பார்க்கிறேன். மாவட்ட விளையாட்டரங்கத்துக்குப் பயிற்சிக்குப் போய்வருகிற பஸ் கட்டணம்கூட அதில் இருக்கும்.

ஏஜென்ட் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வீடியோ தயாரித்து, கல்லூரிகளுக்கு அறிமுகம் செய்துவைக்கிற சேவைக்கு ஒரு குறிப்பிட்ட கட்டணம் வாங்குவதை விதி தடுக்கவில்லை. கிடைக்கிற உதவித்தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசினால் அது பிள்ளையின் தகுதிக்கே ஆபத்து. எந்தத் தாளிலும், ஆங்கிலம் தெரிந்த ஆள் ஒருவர் முழுதாகப் படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிளஸ் டூ முடித்தபிறகு என்ன செய்கிறார் என்பதையும் பார்ப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் சும்மா போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால், அதற்குப் பிறகு ஆடுகிற ஒவ்வோர் ஆண்டும் கல்லூரியில் ஆடும் வாய்ப்பில் ஒன்றைத் தின்னும் என்பதே டிவிஷன் 1-இல் பல விளையாட்டுகளுக்கு இருந்துவரும் முறை. டென்னிசுக்கு ஆறு மாதம்தான். இங்கே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டால் கல்லூரியில் ஆட உங்களுக்கு உள்ள ஆண்டுகளின் கடிகாரம் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும், அப்புறம் நீங்கள் மாற்றலாகி வருகிற மாணவர் என்ற வேறு கணக்கில் போய்விடுவீர்கள். “ஒரு வருஷம் மதுரையில படிக்கட்டும், அமெரிக்கா கிடைச்சா போகட்டும்” என்பது கேட்க நன்றாக இருக்கும். சேர்வதற்கு முன் அந்த அமெரிக்கக் கல்லூரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கணக்கு தொடங்குவது

தகுதி மையத்தின் இணையதளத்தில் இலவசமாக ஒரு விவரப் பக்கம் தொடங்கலாம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அதைச் செய்யுங்கள். மின்னஞ்சல் பிள்ளையின் சொந்தப் பெயரில் இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் அண்ணன் தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல் அவரிடமே இருக்கிற மின்னஞ்சல் வேண்டாம். கொடுக்கிற கைபேசி எண், ரீசார்ஜ் இல்லாமல் அடிக்கடி மாறுகிற எண்ணாக இருக்கக்கூடாது.

காசு கட்டுகிற சான்றுக் கணக்கு அடுத்த படி. வெளிநாட்டு மாணவருக்கு 150 டாலருக்கு மேல் ஆகும். நம் பணத்தில் பத்தாயிரத்தைத் தாண்டும். மீனவர் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை. அதனால் என் யோசனை: ஒரு டிவிஷன் 1 அல்லது 2 கோச் உண்மையான அக்கறையோடு பேசத் தொடங்கியபிறகு கட்டுங்கள். எப்படியும், ஏதாவது ஒரு கல்லூரி உங்கள் பெயரைத் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தபிறகுதான் மையம் உங்கள் கோப்பை முன்னுரிமையோடு எடுத்துப் பார்க்கும். காசு கட்டிவிட்டு யாரும் கேட்காமல் கோப்பு கிடந்தால் பலன் இல்லை. வங்கி டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பூட்டியிருக்கும். முதல் நாளே வங்கிக்குப் போய்த் திறந்துவிடுங்கள்.

கோச்சுக்கு எழுதுவது பிள்ளையின் வேலை. நான்கு வரி போதும்: பெயர், வகுப்பு, பிறந்த ஆண்டு, சிறந்த தூரமோ நேரமோ, எந்தப் போட்டியில், எந்தத் தேதியில் எடுத்தது, வெட்டி ஒட்டாத ஒரு வீடியோ, பள்ளி மதிப்பெண். பல விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், ஜூன் 15-க்கு முன் டிவிஷன் 1 கோச் பதில் எழுத விதியே இடம் கொடுக்காது. பதில் வரவில்லை என்று பிள்ளை சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோச் பேச வந்துவிட்டால், அந்தக் கல்லூரியில் விதிகளைப் பார்க்கிற கம்ப்ளையன்ஸ் அலுவலர் ஒருவர் இருப்பார். அவருடைய மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். மேலே நான் எழுதிய எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தால் கேட்கவேண்டிய ஆள் அவர்தான். கோடையில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி பின்தங்கி இருக்கும், அதனால் நம் இரவு எட்டு மணிக்கு எழுதினால் அவர் காலையில் பார்ப்பார்.

சான்றுக் கணக்கில் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று தானாக வரும். எந்தத் தாள், எந்த வழியில் அனுப்பவேண்டும் என்று அதில் இருக்கும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். எந்தத் தாளை அனுப்பினாலும், அனுப்புவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் வைத்து, நான்கு மூலையும் தெரிய ஸ்கேன் செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி மாதங்கள்

ஆகஸ்டில் சேரப்போகிறவர்கள் ஏப்ரல் 1 முதல் அமெச்சூர் நிலைக்கு இறுதிச் சான்று கேட்டு, தகுதி மையக் கணக்கில் அதற்கென்று உள்ள பொத்தானை அழுத்தவேண்டும். ஜனவரியில் சேர்கிறவர்களுக்கு அக்டோபர் 1. இதைக் கேட்காமலே சான்று வராது. பலர் இங்கேதான் காத்திருந்து ஏமாறுகிறார்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் வந்ததும் தேர்ச்சிக்கான ஆதாரமாக அதையும் சேர்க்கவேண்டும்.

படிப்பு முடிவு டிவிஷன் 1-இல் மூன்று விதமாக வரலாம். முழுத் தகுதி என்றால் முதல் ஆண்டிலிருந்தே ஆடலாம், உதவித்தொகையும் உண்டு. அகாடமிக் ரெட்ஷர்ட் என்று வந்தால் உதவித்தொகை உண்டு, முதல் பருவத்தில் (செமஸ்டரில்) பயிற்சியும் செய்யலாம், முதல் ஆண்டு போட்டியில் மட்டும் இறங்கமுடியாது. இப்படி வந்தால் கதவு அடைந்துவிட்டது என்று அழவேண்டாம். தகுதியில்லை என்று வந்தால் முதல் ஆண்டில் மூன்றுமே கிடையாது. அப்போது இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கான என்.ஜே.சி.ஏ.ஏ., தனியாகத் தகுதி மையம் வைத்திருக்கும் என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறு வழிகள் இருக்கின்றன. அங்கே படித்துவிட்டு மாறி வருகிறவர்களும் உண்டு.

பணத்தை முன்கூட்டியே யோசிக்கவேண்டியது ஏப்ரலில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களுக்கு வருமானம் இல்லாத அதே வாரங்களில்தான் அடுத்தடுத்துக் கட்டணங்கள் வரும். தடகளம் போன்ற விளையாட்டுகளில் உதவித்தொகையைப் பலருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள், முழுத்தொகை எல்லாருக்கும் வராது. மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்று முதல் ஆண்டுக்குக் காட்டினால்தான் கல்லூரி, மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் தரும். அந்தப் படிவம் வந்தபிறகு, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், அப்புறம் விசாக் கட்டணம், சென்னைக்குப் போய் நேர்காணல். கோச் உதவித்தொகை என்று சொன்னதும் எத்தனை டாலர், எதெல்லாம் அதில் அடங்கும், எத்தனை ஆண்டு என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். அங்கே அதைக் கேட்காதவரைத்தான் வித்தியாசமாகப் பார்ப்பார்கள்.

விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை முதல் அங்கே அனுமதி உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிற பிள்ளைக்கு இது அப்படியே பொருந்தாது. அந்த விசாவில் பருவம் நடக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலைதான் பொதுவாக அனுமதி. அணியில் உள்ள அமெரிக்கப் பிள்ளை ஒரு கடை விளம்பரத்தில் நின்று காசு வாங்குவதைப் பார்த்து நம் பிள்ளையும் நின்றால் விசாவே போய்விடும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் அப்படி எந்தப் பணத்தையும் தொடக்கூடாது என்று விமானம் ஏறும் முன் சொல்லி அனுப்புங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே பிறப்புச் சான்றிதழையும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள தேதியையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஹெச்.எம்.மிடம் போய் மனு கொடுங்கள், மனுவின் பிரதியில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.